ஞாயிற்றுக்கிழமைப் பழுதுகள்

கையில் படிந்த கிரீஸைப் போக்கச் சோப்பைவிடச் சர்க்கரையும் சமையல் எண்ணெயும் நல்லது. ஒரு ஸ்பூன் சர்க்கரையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்தால், நகக்கண்ணில் ஒட்டியிருக்கிற கறுப்புகூடப் போய்விடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் கார் பட்டறை வைத்திருப்பவர். ஏழு வாரமாக உள்ளே வைத்திருக்கிறீர்களே, அவர்தான். அவர் விஷயமாகத்தான் இன்று காலை நானாகவே நடந்து வந்தேன், ஐயா. என் மகளுடைய காரின் முன் சக்கரத்து நட்டுகளை அவர் சரியாகத்தான் இறுக்கினார்.

உங்கள் எழுத்தர் நான்கு தாள் கொடுத்து, போதாவிட்டால் கேளுங்கள் என்றார். எனக்கு எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன். கண்ணாடிக் காலில் இருக்கிற திருகு அரிசி மணியில் பாதிகூட இருக்காது. அதைக் கால் சுற்று கூடுதலாகத் திருகினால் கண்ணாடி விரியாது. கால் சுற்று குறைத்தால் குனிகிறபோது நழுவி விழும். அந்தக் கால் சுற்றில்தான் என் பிழைப்பு ஓடியது. ஓய்வு பெற்ற மறுவாரம் வீட்டுக் கதவுக் கீல்களையெல்லாம் கழற்றி எண்ணெய் போட்டுப் பூட்டினேன். அதற்கடுத்த வாரம் மின்விசிறிகள். என் மனைவி போய் அப்போதே ஆறு வருடம் ஆகியிருந்ததால் தடுக்க ஆள் இல்லை. ஒரே மகள். கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் குடியிருந்தாள்.

“அப்பா, இப்படியே விட்டா செவுத்தையும் கழட்டிப் பூட்டிடுவீங்க போலிருக்கே,” என்று சிரித்தாள். என் பிறந்தநாளுக்கு ஒரு டூல் பாக்ஸ் வாங்கி வந்தாள். மாப்பிள்ளை தன் பங்குக்கு ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தார். காரை அக்கு அக்காகப் பிரித்துப் படம் போட்டு விளக்குகிற புத்தகம். “நல்லா பொழுது போகும் மாமா,” என்றார். இந்த இரண்டையும் எனக்குக் கொடுத்தது அவர்கள்தான் என்பதை எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கார் வருடக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. பூனை இடம் மாறும்வரை காத்திருந்து, நாலு பேரைப் பிடித்து, அதை என் வீட்டுப் பின்பக்கக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆரம்பித்தேன். கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய டப்பாக்களில் போட்டு, மேலே சீட்டு ஒட்டி வைத்தேன். பட்டறைக்காரர் மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் வந்து கொட்டகை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். தொப்பை பெருத்த, வாய் ஓயாத மனிதர். எனக்குப் “புஸ்தகம் சார்” என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

“என்ன புஸ்தகம் சார், இன்னிக்கு எத்தனாவது பக்கம்?” என்பார்.

நாலு மாதம் கழித்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. டப்பாவின் அடியில் ஒரு திருகு மட்டும் மிச்சம் இருந்தது. பட்டறைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “வண்டி ஓடுதுல்ல? அப்ப அது உங்களுக்கு இனாம். சட்டைப் பையில போட்டுக்குங்க.” அவருக்கு அது வேடிக்கை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் பிரித்தேன். மூன்று வாரம் தேடி, அந்தத் திருகின் இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

புத்தகத்தில் ஒரு வழக்கம் சொல்லியிருந்தது. ஒரு நட்டை அளவு பார்த்து இறுக்கியதும், நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கிற இடத்தின் மேலும் சேர்த்து ஒரே கோடாகச் சாயம் தீட்டிவிட வேண்டும். பிறகு எப்போதாவது நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கையில் சாயம் இல்லை. மகளின் பழைய அறையில், மேஜை இழுப்பறையில், அவள் கல்யாணத்துக்கு முன்னால் போட்டுக்கொண்ட நகப்பூச்சு ஒரு பாட்டில் கிடந்தது. நல்ல சிவப்பு. மூடியிலேயே சின்னத் தூரிகையும் இருந்தது. அன்றிலிருந்து நான் கை வைத்த ஒவ்வொரு நட்டிலும் அந்தச் சிவப்புக் கோடு இருக்கும். பட்டறைக்காரர் அதற்கும் சிரித்தார்.

“நட்டுக்கு நகப்பூச்சா? அடுத்து என்ன, பவுடர் போட்டுவிடுவீங்களா? நான் முப்பது வருஷமா கையாலதான் பாக்கறேன் சார். கை சொல்லும்.”

அவர் வாழ்க்கையில் ஒரு நட்டுக்கும் கோடு போட்டதில்லை, ஐயா. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். காருக்கு அடியில் ஏதோ கிணுகிணு என்று சத்தம் வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை சோபாவில் தூங்கப் போய்விட்டார். மகள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எனக்கு டார்ச் பிடித்தாள். சைலன்சருக்கு மேலே இருக்கிற தகட்டில் ஒரு திருகு கழன்றிருந்தது. பத்து நிமிட வேலை. நான் நாலு மணி நேரம் பார்த்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருக்கிற அம்மாள் எப்படி மூக்கை உறிஞ்சுவாள் என்று நடித்துக் காட்டினாள். மாடி வீட்டுக்காரர்கள் நடக்கிற சத்தத்தை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவதாகச் சொன்னாள். “அம்மா இருந்திருந்தா இந்தக் கோலத்துல உங்களை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டா,” என்று சொல்லிச் சிரித்தபோது டார்ச் வெளிச்சம் ஆடியது. அவள் அம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சிரித்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. நான் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்ததால் என் கண்ணை அவள் பார்க்கவில்லை. அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவர்கள் வரவில்லை. “இந்த வாரம் முடியலப்பா, அடுத்த வாரம் கண்டிப்பா,” என்று போன் வரும். குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் ஆயிரம் வேலை. ஆறாவது வாரம் வந்தார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மகள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் எண்ணெய் அளவு பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். எண்ணெய் சரியாக இருந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். அளந்துதான் தளர்த்தினேன். புதிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன்.

புதன்கிழமை போன் வந்தது. “அப்பா, வண்டி கீச்கீச்சுனு மானத்த வாங்குதுப்பா.”

“வேற யாரையும் கை வைக்க விடாதேம்மா. ஞாயித்துக்கிழமை கொண்டு வா, நான் பாத்துக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அதன் பிறகு பதினான்கு மாதம். ரேடியேட்டர் குழாயின் கிளிப், கதவின் ரப்பர், ஹாரனுக்குப் போகிற ஒயர், ஒன்றிரண்டு தடவை பேட்டரி முனை. எல்லாம் கால் சுற்று, அரைச் சுற்றுக்குள். ஒரு வாரம் தாங்கி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சத்தம் போட வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் மாப்பிள்ளை அவசரத்துக்குப் பட்டறையில் விட்டுவிடுவார். இந்தக் கணக்கு கைவரக் கொஞ்ச நாள் பிடித்தது. ஆளுக்கு ஆபத்தாகிற எதையும் நான் தொட்டதில்லை. பிரேக் பக்கமே போனதில்லை. எனக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. பழுதாக்கியது நான் என்றால், ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சரிசெய்து கொடுத்ததும் நான்தான். அந்த வண்டியைப்போல அக்கறையாகப் பார்த்துக்கொண்ட வண்டி இந்த ஊரில் இன்னொன்று இருந்திருக்காது. மாப்பிள்ளையே தன் நண்பர்களிடம், “மாமா பாத்துட்டார்னா கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்,” என்று சொல்லுவாராம். அவர் தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை.

பேட்டரி முனை ஒரு தடவை கொஞ்சம் முன்னதாகவே கழன்றுவிட்டது. மழைநாள். பாலத்தின் மேல் வண்டி அணைந்துபோய், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, மகள் இறங்கி நனைந்துகொண்டே தள்ளியிருக்கிறாள். அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கரு தங்கவில்லை. இதற்குத் தள்ளியதுதான் காரணமா என்று டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்றார். படித்தவர்கள் சொல்வதை நான் மறுத்துப் பேசுவதில்லை. தேறுகிற வரைக்கும் மகளை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். பதினொரு நாள் இருந்தாள். அவள் பழைய அறையில் படுத்துக்கொண்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் மெல்ல எழுந்து கொட்டகைக்கு வந்து உட்காருவாள். பேச மாட்டாள். ஆனாலும் டார்ச் பிடிப்பாள்.

பட்டறைக்காரர் ஒரு நாள் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு தாடையைச் சொறிந்தார். “புஸ்தகம் சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. என்கிட்ட வர்ற வண்டியெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தடவ படுத்தும். உங்க மாப்பிள்ளை வண்டி மட்டும் எப்படி ஞாயித்துக்கிழமை பாத்துப் படுத்துது?”

“பழைய வண்டி,” என்றேன்.

“நம்மளவிட வயசு கம்மிதான்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற ஆள் இல்லை அவர்.

பிறகு மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. இங்கிருந்து பத்து மணி நேரப் பயணம். என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னார்கள். மகள் என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். புது இடம், புது வீடு, அவளுக்கும் மனசு மாறும் என்று டாக்டரம்மா சொன்னாராம். நான் மிகவும் நல்லது என்றேன். குழம்பை ஊற்றினேன். மாப்பிள்ளை என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “அங்க வீட்டுக்குப் பக்கத்துலயே பெரிய ஒர்க்‌ஷாப் இருக்காம் மாமா. இனிமே வாராவாரம் உங்களுக்குத் தொல்லை இல்ல,” என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. நீண்ட பயணம் என்பதால் செவ்வாய்க்கிழமை பட்டறைக்காரரிடம் விட்டு முன்பக்கம் இரண்டு புது டயர் மாட்டினார்கள். அவர் மாட்டினார், இறுக்கினார். புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுவந்து, “ஒரு தடவ பாத்துடுங்க மாமா, அப்பத்தான் எனக்குத் திருப்தி,” என்று விட்டுவிட்டுச் சாமான் கட்டப் போனார். நான் முழுதாகப் பார்த்தேன். எண்ணெய், தண்ணீர், பெல்ட், விளக்கு, பிரேக், ஒன்றையும் விடவில்லை. முன் சக்கரத்து நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதித்தேன். அது ஒரு பெரிய ஸ்பேனர். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று அதில் குறித்துவிட்டால், அந்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும். பத்து நட்டும் ‘டிக்’ என்றன. கையால் மட்டுமே பார்க்கிற மனிதர், இம்மி பிசகவில்லை. அவரைப் பாராட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு இடப்பக்கச் சக்கரத்தின் ஐந்து நட்டில் மூன்றைக் கைவிரலால் திருகக்கூடிய அளவுக்குத் தளர்த்தினேன். மற்ற இரண்டையும் பாதி இறுக்கத்தில் நிறுத்தினேன். ஐந்திலும் சிவப்புக் கோடு போட்டேன். காய்கிற வரைக்கும் காத்திருந்து, மேலே, நட்டுகளை மூடுகிற வீல் கப்பை அழுத்தி மாட்டினேன்.

கோடு எதற்குப் போட்டாய் என்று நீங்கள் கேட்பீர்கள். தளர்த்திய நட்டுக்கு யாராவது அடையாளம் வைப்பார்களா என்பீர்கள். அவர்கள் திரும்பி வந்ததும் எந்த நட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா. தான் செய்ததற்கு அடையாளம் வைக்காதவன் வேலைக்காரனே இல்லை. என் கை அதற்குப் பழகிவிட்டது, ஐயா.

நான் நினைத்தது இவ்வளவுதான். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில் நட்டு ஒன்று கழன்று வீல் கப்புக்குள் விழும். கடகடவென்று சத்தம் கேட்கும். பயந்துபோய்ப் போன் செய்வார்கள். திரும்பி வருவார்கள். இந்த வண்டி அவ்வளவு தூரம் தாங்காது, ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லுவேன். அந்த ஒரு வாரத்துக்கு அப்பால் நான் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழேமுக்காலுக்குப் போன் வந்தது. என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருபத்தாறு கிலோமீட்டர் போயிருந்தார்கள்.

“அப்பா, முன்னாடி கடகடன்னு ஒரே சத்தம்ப்பா. இவர் ஓரமா நிறுத்தியிருக்கார். எதிர்லயே ஒரு பஞ்சர் கடை இருக்கு, காட்டிடலாமான்னு கேக்கறார்.”

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். என் மகள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இது முழுதாக இல்லை. பஞ்சர் கடைக்காரர் வீல் கப்பைக் கழற்றினால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு நிமிடத்தில் இறுக்கியும் கொடுத்துவிடுவார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சிவப்புக் கோட்டையும் அவர் காட்டுவார். மகளுக்கு அந்தச் சிவப்பு தெரியும்.

“ஸ்டியரிங் எப்படி இருந்துதுன்னு கேளும்மா,” என்றேன்.

அவள் கேட்டாள். “லேசா ஆடுச்சாம்.”

என் புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இது இருக்கிறது. முதலில் சத்தம், பிறகு ஆட்டம், பிறகு சக்கரம் கழல்வது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஓர் அடிகூட ஓட்டக்கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

“அது ஒண்ணுமில்லம்மா. புது டயர், அப்படித்தான் இருக்கும். வேற யாரையும் கை வைக்க விடாதே. மெதுவா திருப்பிக்கிட்டு வந்துடுங்க. நான் பாத்துக்கறேன்.”

பின்னால் மாப்பிள்ளை ஏதோ சொல்வது கேட்டது. மகள் போனை விலக்கி, “அப்பா பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்ல, திருப்புங்க,” என்றாள்.

நான் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டேன். வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அதன் மேல் தூசி இருந்ததால் துடைத்தேன். மூன்று பேருக்கு டீத்தண்ணீர் வைத்தேன். மெதுவாக வந்தாலும் முக்கால் மணி நேரத்தில் வந்திருக்க வேண்டும். தண்ணீர் சுண்டிப்போய் இரண்டாம் தடவை வைத்தேன். மூன்றாம் தடவை வைத்தபோது போன் வந்தது. அது அவள் குரல் இல்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது, வளைவில், சக்கரம் தனியாகப் போய் வயலில் விழுந்திருக்கிறது. எதிரே லாரி. மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார். மகளுக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வீல் கப் சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று நட்டு. உங்கள் ஆட்கள் பட்டறைக்காரரை அன்று சாயங்காலமே அழைத்துப் போனார்கள். டயர் மாட்டியவர் அவர்தானே. அவர் போகும்போது என் வீட்டு வாசலில் நின்று, “சார், நான் நல்லாத்தான் இறுக்கினேன். உங்களுக்குத் தெரியும்ல? நீங்க சொல்லுங்க சார்,” என்றார். மாப்பிள்ளையின் உடல் அப்போதுதான் வந்திருந்தது. பேசுகிற நேரம் இல்லை அது.

இப்போது ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். ஒரு நிரபராதி உள்ளே இருக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. அதுதான் காரணம். ஆனால் நேற்று, மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவளுடைய வக்கீல் உங்கள் நிபுணர் கொடுத்த அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கு மட்டும் படித்துக் காட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். நட்டைத் திரும்ப மாட்டிப் பார்த்திருக்கிறார். இறுக்கினால் சிவப்புக் கோடு கோணலாகிறது. தளர்த்தினால் நேராகச் சேர்கிறது. இவ்வளவு தூரம் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, கடைசியில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? “பட்டறை ஆளால் அசட்டையாகவும் அரைகுறையாகவும் பூட்டப்பட்டவை.” அசட்டை என்கிற சொல்லை வக்கீல் இரண்டு தடவை படித்தார். நான் ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை. முப்பத்தொரு வருடத்தில் என் வேலையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஐந்து கோடும் ஒரே நீளம், ஒரே அகலம். அளந்து பாருங்கள். அசட்டையான ஆள் அப்படிப் போடுவானா?

அந்த வார்த்தையைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். நட்டுகளைத் தளர்த்தியது நான். பஞ்சர் கடை வேண்டாம் என்றது நான். சக்கரம் கழலும் என்று தெரிந்துதான் வரச் சொன்னேன். ஆனால் அதற்குள் வந்துசேர்ந்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

மகளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவள் குற்றம் முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். “அவர் காட்டலாம்னுதான் சொன்னார்ப்பா. நான்தான் கேக்கல. நான்தான் திருப்பச் சொன்னேன்,” என்று தினமும் ஒரு தடவையாவது அழுவாள். அவள் தலையைத் தடவிக்கொடுப்பேன். “விடும்மா, நீ என்ன பண்ணுவே,” என்பேன். வேறு என்ன சொல்ல முடியும். இப்போது என்னுடன்தான் இருக்கிறாள், அவளுடைய பழைய அறையில். சாயங்காலம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டகையில் விடுவேன். கையில் டார்ச்சைக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்று இல்லை, இப்போதெல்லாம் தினமும்தான்.

அவ்வளவுதான், ஐயா. ஒவ்வொரு தாளின் கீழும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டறைக்காரரை இன்றே அனுப்பிவிடுங்கள். என்னை என்ன செய்தாலும் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். என் மகளுடைய சக்கர நாற்காலியின் இடப்பக்க பிரேக் திருகு அடிக்கடி தளர்ந்துபோகிறது. அவள் மாமியார் வந்து, தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன வாரத்திலிருந்துதான் இந்தத் தொல்லை. எங்கள் வீட்டு வாசல் சரிவானது. ரோட்டில் கொண்டுபோய் விடும். நாற்காலி விற்ற கடையிலிருந்து ஆள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்னை வீட்டுக்கு அனுப்பினால் போதும். திருகின் மேல் சிவப்புக் கோடு இருக்கும், அழித்துவிட வேண்டாம். அதுவரைக்கும் வேறு யாரையும் கை வைக்க விடாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.